வாக்கியத்துக்கு முன்னால் ஒரு குரல்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பேருந்தில் ஒரு பழைய நாவலின் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வாசிப்பவர் சொல்வதற்கு முன்பே அடுத்த வாக்கியம் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. அந்த நாவலை நான் படித்ததில்லை.

2. பதிவை அளந்து பார்த்தேன். வாக்கியங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளிகளில் இன்னொரு சத்தம் இருந்தது.

3. வாசிப்பவரிடம் அது என்ன என்று கேட்டேன். சுருக்கமாகப் பதில் வந்தது. அதில் ஒரு சொல்லை நான் தவறாக எடுத்துக்கொண்டேன்.

4. இருபத்தொன்பது அத்தியாயங்களிலிருந்தும் அந்தச் சத்தத்தை நீக்கினேன். மூலப் பதிவுகளை அழித்தேன்.

5. அந்தச் சத்தத்துக்கு உரியவர் இறந்துபோனார்.

6. அவருடைய மகள் அதைத் திருப்பிக் கேட்டார்.

எழுதிப் பார்த்தால் ஆறு எண்களில் முடிந்துவிடுகிறது. அதற்குள் அடங்காததை ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல ஊரை விட்டு வந்து காதில் எதையாவது மாட்டிக்கொண்டு பேருந்தில் போகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாசிப்பவரை இங்கே விமலா என்கிறேன்; அது அவருடைய உண்மைப் பெயரல்ல. நாவலின் பெயரையும் சொல்லப்போவதில்லை. இரண்டும் அவர் கேட்டுக்கொண்டவை.

நான் கோவில்பட்டிக்காரி. பெங்களூருக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஜீவனஹள்ளியில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். ஹெட்போன்களைச் சோதிக்கும் வேலை. குறிப்பாக, வெளிச்சத்தத்தை அடக்குகிற ஹெட்போன்கள். மின்விசிறி, போக்குவரத்து, பக்கத்து மேசைப் பேச்சு எல்லாவற்றையும் ஒலிக்கவிட்டு, கருவி எதை உள்ளே விடுகிறது, எதை விழுங்குகிறது என்று பட்டியல் போடுவேன். எது சத்தம், எது குரல் என்று பிரிப்பதுதான் என் தொழில். அதில் கெட்டிக்காரி என்று அலுவலகத்தில் பெயர் வாங்கியிருக்கிறேன்.

கோவில்பட்டியில் தமிழ் கண்ணில் வந்து விழும். ரேஷன் கடைப் பலகை, மினி பஸ்ஸின் நெற்றி, கடலைமிட்டாய்ப் பொட்டலம், பூப்புனித நீராட்டு விழாத் தட்டி, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. படிக்கிறோம் என்று தெரியாமலே படித்துக்கொண்டு நடப்போம். பெங்களூரிலும் தமிழுக்குக் குறைவில்லை. என் தெருவில் இஸ்திரி போடுபவர் தமிழ், கீழ்வீடு தமிழ், பூக்காரம்மா தமிழ். ஆனால் அத்தனையும் பேச்சு. எழுத்தாகப் பார்ப்பது அபூர்வம். வந்த புதிதில் எனக்கு என்ன குறைகிறது என்றே பிடிபடவில்லை. முதல் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ரயில் ஓசூரில் நின்றது. பெயர்ப்பலகையை மூன்று முறை படித்தேன். பக்கத்தில் இருந்தவர், "இறங்கணுமாம்மா?" என்றார். இங்கே நான் எழுத்தறிவில்லாதவள் என்பது அப்போதுதான் உறைத்தது. கன்னடப் பலகைகளுக்குக் கீழே எண்ணை மட்டும் பார்த்துப் பேருந்து ஏறுகிறவள்.

கண்ணுக்குக் கிடைக்காததைக் காதுக்குத் தேடினேன். பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களை யார் வேண்டுமானாலும் வாசித்து இலவசமாக ஏற்றலாம் என்று ஒரு தளம் இருக்கிறது. அங்கே எனக்குப் பிடித்த வாசிப்பாளர்கள் என்று ஒரு பட்டியல் சேர்ந்தது. ஒருவர், ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அந்தச் சின்னச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கும் கதை முடிந்ததாகத் தோன்றும். வில்லன் பேசும் இடங்களைத்தான் அவர் மிக மென்மையாக வாசிப்பார். இன்னொருவர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. எந்தக் குளிர்நாட்டில் இருக்கிறாரோ, பின்னணியில் அறைச் சூடேற்றியின் முனகல் இருந்துகொண்டே இருக்கும். மூன்றாமவர் ஓர் இளைஞர்; நகைச்சுவை வரப்போகிறது என்றால் வாசிப்பதற்கு முன்பே சிரித்துவிடுவார். இவர்கள் யாருடைய முகமும் எனக்குத் தெரியாது. ஆனால் எச்சில் விழுங்குவது எப்படி, களைத்துப்போனால் எந்த எழுத்து தேயும் என்பதெல்லாம் தெரியும். கூடப் பிறந்தவர்களைப் பற்றிக்கூட எனக்கு இவ்வளவு தெரியாது.

வெறுமனே கேட்டுக்கொண்டிருக்காமல் உதவலாமே என்று, கேட்டுச் சரிபார்ப்பவராகச் சேர்ந்தேன். வாசிப்பவர் அனுப்பும் பதிவை நூலோடு ஒப்பிட்டு, எத்தனையாவது நிமிடத்தில் என்ன பிழை என்று பட்டியல் அனுப்ப வேண்டும். எனக்கென்றே செய்த வேலை. நூலை முன்கூட்டிப் படித்துவிடக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தேன். முதலில் பேருந்தில் ஒரு தடவை வெறும் காதால் கேட்பது, பிறகு சனிக்கிழமை நூலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பது. அப்படித்தான் விமலாவின் பதிவுகள் என்னிடம் வந்தன. முப்பத்தாறு அத்தியாய நாவல், வாரம் ஓர் அத்தியாயம். ஏழு மாதங்கள் என் பட்டியலில் முதல் இடத்தில் அவர்தான் இருந்தார். அலட்டாத குரல். அழுகிற இடத்தில் அழாமல், கேட்கிறவர்களை அழவிடுகிற குரல்.

அவருடைய பிழைகள் மட்டும் வினோதமாக இருந்தன. மற்றவர்கள் செய்வது கண்ணின் பிழை: ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள், அச்சில் ஒன்றுபோல இருக்கும் சொற்களை மாற்றுவார்கள். விமலா ஒரு வரியைக்கூடத் தாண்டியதில்லை. 'கதவைத் தாழிட்டாள்' என்பதைக் 'கதவைத் தாலியிட்டாள்' என்றார். 'இருவருக்கும் நல்ல பொருத்தம்' என்பது 'இருவருக்கும் நல்ல வருத்தம்' ஆனது. ஒரு பாழ் மண்டபத்தைப் 'பால் மண்டபம்' ஆக்கினார். நான் சிரித்துக்கொண்டே நிமிடம், நொடி போட்டு எழுதி அனுப்புவேன். அடுத்த வாரமே திருத்தி அனுப்பிவிடுவார். நான் எழுத்தில்தான் எழுதுவேன். அவர் பதில் எப்போதும் குரலில்தான் வரும். "மேடம், பாத்தாச்சு மேடம். தாலிய எடுத்துட்டேன்" என்பார். தட்டச்சு வராது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது அத்தியாயத்தில் அது தொடங்கியது. காலைப் பேருந்து, ஜன்னலோர இருக்கை. கதாநாயகி கிணற்றடியில் நிற்கிறாள். விமலா ஒரு வாக்கியத்தை முடித்து இடைவெளி விட்டார். அந்த இடைவெளியில் 'அவள் திரும்பிப் பார்க்கவில்லை' என்று என் மனதில் ஒரு வாக்கியம் தோன்றியது. பிறகு விமலா சொன்னார்: "அவள் திரும்பிப் பார்க்கவில்லை." பழைய நாவல்களில் இப்படித்தான் எழுதுவார்கள், ஊகித்துவிட்டேன் என்று விட்டுவிட்டேன். அடுத்தது, 'வாளி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.' அதையும் அவர் சொன்னார். பேருந்து முழுக்க வெயில். பக்கத்தில் ஒரு அம்மா பையில் கொத்தமல்லிக் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லா வாக்கியமும் முன்னால் வரவில்லை. ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று. ஆனால் வந்தவை எதுவும் தவறவில்லை. அலுவலக நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்கினேன்.

எனக்கு நிகழ்வதை எனக்கே விளக்க வேண்டுமானால் அளக்க வேண்டும். பதிவை மடிக்கணினியில் அலையாகத் திறந்தேன். ஒவ்வொரு பெரிய அலைக்கும் முன்னால், தட்டையாக இருக்க வேண்டிய இடத்தில், கிட்டத்தட்ட அதே நீளத்தில் ஒரு சின்ன மேடு. நிழல் ஆளுக்கு முன்னால் நடந்து போவதுபோல. ஒலியைக் கூட்டினேன். காற்று போல, துணி உரசுவது போல ஒரு 'ஸ்ஸ்' வந்தது. மூச்சு என்று புரிந்தது. விமலாவின் மூச்சு இல்லை என்பதும் புரிந்தது. அன்று நான் அதில் சொற்களைத் தேடவில்லை. சத்தம் எத்தனை டெசிபல் என்று மட்டும் குறித்துக்கொண்டேன். தொழில் புத்தி.

விமலாவுக்கு எழுதினேன்: "உங்கள் பதிவுகளில் பின்னணியில் ஒரு தொந்தரவுச் சத்தம் இருக்கிறது. யாரோ முணுமுணுப்பது போலக் கேட்கிறது. அது என்ன?"

மறுநாள் குரலில் பதில் வந்தது. "அய்யோ கேக்குதா மேடம்? அது எங்க அம்மா ஓதுறது. உங்களுக்குத் தொந்தரவுன்னா எடுத்துடுங்க, பரவால்ல."

ஓதுறது. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, காய்ச்சல் விடாமல் அடித்தால் அம்மா என்னைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போவாள். சாயங்காலத் தொழுகை முடிகிற நேரம், வாசலில் எங்களைப் போல நாலைந்து பேர் பிள்ளைகளோடு நிற்போம். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, உதடு மட்டும் அசைய ஏதோ ஓதி, நெற்றியில் ஊதிவிட்டுப் போவார்கள். ஒரு சொல்லும் புரியாது. வெதுவெதுப்பான காற்று மட்டும் நெற்றியில் படும். கோவிலில் தேவாரம் பாடுகிறவருக்கும் எங்களூரில் ஓதுவார் என்றுதான் பெயர். எனக்கு அந்தச் சொல் இந்த இரண்டு இடங்களை விட்டு வெளியே வந்ததே இல்லை. ஆகவே விமலாவின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ மந்திரமோ ஜெபமோ சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வாக்கியங்கள் எனக்கு முன்கூட்டித் தெரிந்ததற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஜெபம் என்று ஆனதும் அதற்குள் எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்று தோன்றியது. வெட்டி எடுப்பது மட்டும் மரியாதைக் குறைவாகத் தோன்றவில்லை.

ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ஓர் அளவைச் சொல்லிவிட்டால், அதற்குக் கீழே இருக்கும் எந்தச் சத்தத்துக்கும் கதவை அடைத்துவிடும். கையில் இருந்த ஆறு அத்தியாயங்களுக்கும் அதைச் செய்தேன். பிறகு வாராவாரம் வந்தவற்றுக்கும். சுத்தமானதை ஏற்றியதும் மூலத்தை அழித்துவிடுவேன். ஒரே கோப்பு இரண்டு வடிவில் கிடந்தால் குழப்பம் வரும் என்பது என் ஒழுங்கு. "சூப்பரா இருக்கு மேடம், ரேடியோ மாதிரி" என்று விமலா அனுப்பினார். எனக்கு வாக்கியங்கள் முன்கூட்டித் தெரிவது நின்றுபோனது. ஆனால் வேறொன்று வந்தது. அந்த இடைவெளிகளில் இப்போது ஒன்றுமே இல்லை. அறையின் சத்தம்கூட இல்லை. நம் காது அப்படிப்பட்ட மௌனத்தை எங்கும் சந்திப்பதில்லை. விமலா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எங்கோ போய்விட்டுத் திரும்புவது போல இருந்தது. அவர் போகிற இடத்தில் யாராவது இருப்பார்களா என்று ஒருநாள் பேருந்தில் நினைத்தேன். நினைத்ததும் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

இருபத்தொன்பதாம் அத்தியாயத்துக்குப் பிறகு மூன்று வாரம் எதுவும் வரவில்லை. இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. நான்காவது வாரம் குரல் வந்தது.

"மேடம், அம்மா போயிட்டாங்க. நீங்க அனுப்பினத ஓதுறதுக்கு ஆள் இல்ல, அதான் லேட்டு. ஒண்ணு கேக்கணும். அம்மா சத்தம் கேக்குதுன்னு நீங்க சொன்னீங்க இல்லியா? நான் போன்ல தேடிப் பாத்துட்டேன். அனுப்பினதும் டெலீட் பண்ணிடுவேன், எடம் பத்தாது. நெட்ல இருக்கறதுல காது வச்சு கேட்டேன், ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட இருக்கா? அவங்க சத்தம் வேற எங்கியும் இல்ல மேடம்."

ஒரு தாயின் பிரார்த்தனையைத் துடைத்துவிட்டோம் என்ற வருத்தம் இருந்தது. எப்படிச் சொல்வது என்று வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். 'நீங்க அனுப்பினத ஓதுறதுக்கு' என்று அவர் சொன்னது காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை.

மறுநாள் காலை, நிறுத்தத்தில் வழக்கமான எண்ணில் பேருந்து வரவில்லை. வேறு எண்ணில் ஒன்று வந்து நின்றது. பக்கத்தில் சாப்பாட்டுப் பையோடு நின்ற பெண்மணியிடம், எனக்குத் தெரிந்த கன்னடத்தில், இது நான் போகும் பக்கம் போகுமா என்று கேட்டேன். அவர் பேருந்தின் நெற்றியைக் காட்டி, "போர்டல்லி இதெயல்லா, ஓதோக்கே பரல்வா?" என்றார்.

நான் விழித்தேன்.

"தமிழா?" என்றார். "போர்டுல இருக்குதே, படிக்கத் தெரியாதான்னு கேட்டேன்மா."

"என்ன சொன்னீங்க? முதல்ல சொன்னது?"

"ஓதோக்கே. ஓதறது, படிக்கறது. இவ்ளோ நாள் இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?" என்று சிரித்துவிட்டு ஏறிக்கொண்டார்.

நான் ஏறவில்லை. நிறுத்தத்தின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா ஓதுறது. அம்மா வாசிக்கிறார். அம்மா வாசிக்க, விமலா சொல்கிறார். தாழ், தாலி ஆனது. பொருத்தம், வருத்தம் ஆனது. அவை காதின் பிழைகள். ஏழு மாதமாக நான் கேட்ட நாவலை வாசித்தவர் விமலா இல்லை. வாசித்தவரை நான் சத்தம் என்று சொல்லி வாரம் ஒருமுறை அழித்திருக்கிறேன்.

அன்று விடுப்பு எடுத்தேன். மடிக்கணினியைத் தலைகீழாகத் தேடியும் மூலப் பதிவு ஒன்றுகூட இல்லை. என் ஒழுங்கு அப்படி. ஆனால் அதே ஒழுங்கு ஒன்றை விட்டுவைத்திருந்தது. எந்த அளவுக்குக் கீழே வெட்டுவது என்று தீர்மானிக்க, அத்தியாயத்துக்கு ஓர் இடைவெளியை மாதிரியாக எடுத்துத் தனியே வைப்பேன். 'இரைச்சல் 1' முதல் 'இரைச்சல் 29' வரை பெயரிட்ட சின்னச் சின்னக் கோப்புகள், மூன்று நான்கு நொடிகள் வீதம். மின்விசிறியின் உறுமலை முடிந்தவரை குறைத்து, ஒலியை முழுவதும் கூட்டி, அலுவலக ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரிசையாக ஓடவிட்டேன். நடுப்பகல். கீழே யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். குரல்நாணே இல்லாத ஒரு குரல், வெறும் காற்றால் செய்த தமிழ், என் இரண்டு காதுக்கும் நடுவில் பேசியது.

கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய்?

விளக்கை எடுத்துக்கொண்டு அவள் மட்டும் உள்ளே போனாள்.

நான் சொன்னதை அப்படியே அவரிடம் சொல்.

எல்லாம் நாவலின் வாக்கியங்கள்தான். புத்தகத்தைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அப்படியும் நான்காவது கோப்பு முடிந்தபோது ஹெட்போனைக் கழற்றி, அறைக்குள் என் பின்னால் ஒருமுறை பார்த்தேன். இருபத்தொன்பதில் இருபத்தேழு நூலில் இருந்தன. இரண்டு இல்லை.

விமலாவுக்கு முதல்முறையாகக் குரலில் பேசி அனுப்பி, வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராம்புரம் போனேன். விமலா மெட்ரோ படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. ஏழு மாதமாகக் காதுக்குள் வைத்திருந்த குரல், பூப்போட்ட சுடிதாரில், "இன்னா மேடம், இவ்ளோ சின்னப் பொண்ணா இருக்கீங்க! எழுதறதப் பாத்து ரிட்டையர்டு டீச்சர்னு அம்மா சொன்னாங்க" என்றது. அன்றிலிருந்து நான் அவரை அக்கா என்கிறேன். அவர் மேடத்தை விடவில்லை.

இரண்டு பேர் ஒதுங்கித்தான் நடக்க முடியும் என்ற சந்தில், ஒற்றை அறை வீடு. வழியில் சொல்லிக்கொண்டே வந்தார். அவருடைய அம்மா கஸ்தூரி ஆரணியிலிருந்து கல்யாணமாகி வந்தவர். சந்தில் தமிழ் எழுத்து தெரிந்த ஒரே பெண். மத்தியான நேரத்தில் வாசலில் உட்கார்ந்து வாரப்பத்திரிகைத் தொடர்களை உரக்கப் படிப்பார். மற்ற பெண்கள் பூத்தொடுத்துக்கொண்டே கேட்பார்கள். கழுத்தில் ஓர் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குக் குரல் போய்விட்டது. முணுமுணுப்பு மட்டும் மிச்சம். விமலா படித்தது கன்னடப் பள்ளியில். தமிழ் பேச வரும், ஓர் எழுத்து தெரியாது. "அவங்களுக்குக் கண்ணு இருந்துச்சு, எனக்குச் சத்தம் இருந்துச்சு" என்றார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குத் தெருவே சாப்பிட்டுப் படுத்த பிறகு, தெருச்சத்தம் பதிவில் விழாமல் இருக்க இருவரும் ஒரு கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, நடுவில் டார்ச்சும் புத்தகமும் போனும் வைத்துக்கொண்டு உட்காருவார்களாம். அம்மா காதோடு ஒரு வாக்கியம் சொல்வார். மகள் உரக்கச் சொல்வார்.

"நான் அழிச்சிட்டேன்க்கா," என்றேன். உட்காரும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தேன்.

"எத்தினி?"

"எல்லாத்தையும்."

அடுப்புப் பக்கம் திரும்பித் தண்ணீர்ச் செம்பை எடுத்தவர், எடுத்ததை மறந்ததுபோல அப்படியே நின்றார்.

"ஓதுறதுன்னு நீங்க சொன்னதும், அம்மா சாமி கும்பிடுறாங்கன்னு நெனச்சுட்டேன். எங்க ஊர்ல அதுக்கு அதுதான் அர்த்தம்."

"எங்க அம்மாவா? சாமியா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கவே நான் சண்ட போடணும். அப்ப புஸ்தகம் ஓதறத நீங்க இன்னான்னுதான் சொல்வீங்க?"

"படிக்கிறதுன்னு."

"அது ஸ்கூல்ல படிக்கறது."

"புஸ்தகமும் படிக்கிறதுதான்க்கா."

"இன்னா ஊரோ" என்றார். பிறகு, "நீங்க தொந்தரவுன்னு எழுதினத அம்மாதான் எனக்கு ஓதிச் சொன்னாங்க. 'என்னத் தொந்தரவுன்னு எழுதிக்குதுடி இந்தப் பொண்ணு'ன்னு ஒரே சிரிப்பு. எடுக்கட்டும், நல்லாத்தான் இருக்கும்னு அவங்கதான் சொன்னாங்க."

இது எனக்கு ஆறுதலாக இல்லை. அர்த்தம் தெரிந்திருந்தாலும் நான் எடுத்திருப்பேன்; பின்னணிச் சத்தம் கூடாது என்பது தளத்தின் விதி. ஆனால் மூலத்தை வைத்திருப்பேன். வித்தியாசம் அவ்வளவுதான், அதுதான் எல்லாம்.

இருபத்தொன்பது மாதிரிகளையும் வரிசையாகச் சேர்த்து ஒரே கோப்பாக்கி, நடுவில் நான்கு நான்கு நொடி இடம் விட்டுக் கொண்டுபோயிருந்தேன். மொத்தம் நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. விமலா இயர்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். நான் ஓடவிட்டேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. சந்தில் யாரோ குடத்தை இறக்கி வைத்தார்கள். பிறகு விமலா, எனக்குப் பழகிய அந்த அலட்டாத குரலில், உரக்கச் சொன்னார்:

"கதவு ஏற்கெனவே திறந்திருந்தது."

அவர் எனக்காகச் சொல்லவில்லை. கண்ணைத் திறக்கவுமில்லை. காதில் அந்த முணுமுணுப்பு விழுந்ததும் வாய் தானாகத் திறந்திருக்கிறது. ஓர் இடைவெளி. "இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய்?" மறுபடி இடைவெளி. நான் வெட்டியெடுத்த மௌனங்கள் அந்த அறையில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றிலும் யார் இருக்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும். பதினொன்றாவது மாதிரிக்கு விமலா ஒன்றும் சொல்லவில்லை. தொண்டை ஏறி இறங்கியது மட்டும் தெரிந்தது. நூலில் இல்லாத இரண்டில் முதலாவது அது: "எச்ச முழுங்கிட்டு சொல்லு." அவர் விழுங்கிக்கொண்டார். பிறகு பன்னிரண்டாவது வாக்கியத்தைச் சொன்னார்.

இரண்டாவது, இருபத்து மூன்றில் வந்தது: "இன்னும் ஒண்ணே ஒண்ணு, அப்பறம் சாப்டலாம்." அதற்கு அவர் "ம்" என்றார்.

முடிந்த பிறகு வெகுநேரம் இயர்போனைக் கழற்றவில்லை. எதிர்வீட்டு அம்மா கதவில் சாய்ந்துகொண்டு, "இன்னா விமலா, தனியாப் பேசிக்கினு இருக்கியா? பயமா இருக்குதுமா" என்றார்.

"தனியா இல்ல அத்தே" என்றார் விமலா.

கிளம்பும்போது புத்தகத்தை என் மடியில் வைத்தார். முப்பதாம் அத்தியாயத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. "ஏழு மிச்சம் இருக்குது மேடம். என்னால ஓத முடியாது. கதை இன்னா ஆவுதுன்னு எனக்கும் தெரியாது. அம்மா முன்னாடியே சொல்ல மாட்டாங்க." அப்புறம் கேட்டார்: "உங்களுக்கு ஞாயித்துக்கெழம லீவுதானே?"

அடுத்த ஞாயிறு கம்பளிக்குள் போனேன். முதலில் சாதாரணக் குரலில் வாசித்தேன். அவருக்கு வரவில்லை, தடுமாறினார். "சத்தமா சொன்னா எனக்கு வராது மேடம். காத்துல சொல்லுங்க" என்றார். காற்றில் சொன்னேன். ஒரு நொடி கழித்து, அது என்னுடையதே அல்லாத குரலாக, முழு உருவத்தோடு, இருட்டில் ஒரு முழம் தள்ளி எழுந்தது. அது எனக்கு இன்னும் பழகவில்லை. எங்களூர்ப் பேச்சில் வாக்கியம் கடைசியில் கொஞ்சம் ஏறும். விமலாவின் பேச்சில் இறங்கும். நான் ஏற்றிக் கொடுத்ததை அவர் இறக்கி வைக்கிறார். வெளியே வரும்போது எதிர்வீட்டு அம்மா வியர்வை வழியும் எங்கள் முகங்களைப் பார்த்து, "வெந்து சாவறதுக்கு உனக்கு ஒரு துணை வேற கெடச்சுடுச்சு" என்றார்.

இன்றைய நிலை இது. முதல் இருபத்தொன்பது அத்தியாயங்களின் இடைவெளிகளில் எதுவும் இல்லை. அதைச் சரிசெய்ய வழியில்லை. கஸ்தூரி அம்மாவின் குரல் இருபத்தொன்பது துண்டுகளாக விமலாவின் போனிலும், என்னிடம் மூன்று இடங்களிலும் இருக்கிறது. கோப்புகளின் பெயரை மாற்றிவிட்டேன். முப்பதிலிருந்து நாங்கள் எதையும் வெட்டுவதில்லை. தளத்தின் பொறுப்பாளருக்கு எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டேன். ஒலியைக் கூட்டிக் கேட்டால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நான் இருப்பேன். கோவில்பட்டியில் என் குரல் எதிலும் பதிவாகவில்லை. பெங்களூரில் அது பதிவாகியிருப்பது இன்னொருத்தி வாய் திறப்பதற்கு முந்தைய நான்கு நொடிகளில்தான். முப்பத்திரண்டு அத்தியாயங்கள் முடிந்திருக்கின்றன. நான்கு மீதி. நானும் முன்கூட்டிப் படிக்கவில்லை.